காங்கயத்துக்கு ஒரு தனி லைன்

ஏனுங்க, இந்தப் பையைச் சித்த அக்கட்ட நகத்திக்கிறீங்களா? உள்ளார லேப்டாப்பு இருக்குதுங்க. மேல வெச்சா உழுந்துரும், கீழ வெச்சா எவனாச்சும் மிதிச்சுப்போடுவான். வேண்டாம், மடியிலயே வெச்சுக்கறேன். என்ன, கைக்கொழந்தையாட்டம் வெச்சுட்டு வாரான்னு பாக்கறீங்களா? அப்புடித்தானுங்க ஆயிப்போச்சு. நீங்க எதுவரைக்கும்? ஈரோடுங்களா. அப்பச் சரி, பேசிட்டே போலாம். நானு காங்கயமுங்க. பெருந்துறையில எறங்கி வேற வண்டி மாறோணும்.

பேரு ராக்கியண்ணன். காங்கயத்துக்குப் பக்கத்துல தேங்கா எண்ணெய் மில்லு வெச்சிருக்கறனுங்க. களத்துல தேங்காப் பருப்பைக் காயப்போட்டு, நாமளே ஆட்டி, டின்னுல அடைச்சுத் தாட்டிவிடறது. எங்கப்பன் காலத்து மில்லு. நானு மில்லை உட்டுட்டு ஒரு ராத்திரி வெளிய தங்குனதில்லைங்க. பழனிக்குப் போனாக்கூடப் போன காலோட திரும்பிருவேன். என்ற கல்யாணத்தன்னைக்கு மத்தியானமே ஒரு எட்டு மில்லுக்குப் போயிட்டு வந்தவன். என்ற சம்சாரம் பொன்னாத்தா இன்னைக்கு வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவா. அன்னைக்கு லோடு வந்துச்சுங்க, நா என்ன பண்றது?

இப்ப எதுக்கு இப்புடி வேர்த்து வழிய ஓடறேன்னு கேக்கறீங்க. லைனு அந்துபோச்சுங்க. காத்தால எந்திரிச்சு இந்த லேப்டாப்பைத் தொறந்தா, மில்லைக் காணோம். களம் இல்லை, செக்கு இல்லை, ஆபீசுக் கம்ப்யூட்டரு இல்லை. நடுவுல ஒரு வட்டம் மட்டும் சுத்துது. சென்னியப்பனுக்குப் போன் போட்டா சுவிட்ச் ஆஃப். சென்னியப்பன்னா என்ற மேனேசருங்க, இருவது வருசமா நம்மகிட்ட இருக்கறவன். ஆபீசு போனுக்குப் போட்டா மணி அடிக்கவே இல்லை. நெருப்புக் கிருப்புப் புடிச்சுப்போச்சோ, எவனாச்சும் பூந்து ஒயரை அத்துப்போட்டானோன்னு நெனைச்சேன். சட்டையை மாட்டுனேன், பஸ் ஏறிட்டேன். குளிக்கக்கூட இல்லைங்க, மன்னிச்சுக்கோணும்.

மொதல்ல இருந்து சொல்றனுங்க, இல்லாட்டி உங்களுக்கு வெளங்காது.

எனக்கு ஒரே பொண்ணு, தாரணி. பெங்களூருல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்குது. மாப்பிள்ளையும் அங்கதான். கல்யாணமாகி அஞ்சாறு வருசம் கழிச்சு இப்பத்தான் முழுகாம இருந்துச்சு. மொதப் பிரசவம் தாய்வீட்டுலதானுங்களே மொறை? ஆனா டாக்டரு, ஏழாம் மாசத்துக்கு மேல அலையக்கூடாதுன்னு சொல்லிப்போட்டாங்க, பாத்துட்டிருந்த டாக்டரும் அங்கதான். அதனால தாய்வீடு கெளம்பிப் பொண்ணுகிட்டப் போற மாதிரி ஆயிப்போச்சு. பொன்னாத்தா எப்பப் போலாம்னு துணிமணியெல்லாம் எடுத்து வெச்சுட்டா. நானு, நீ போ, பொறந்ததுக்கப்புறம் ஒரு எட்டு வந்து பாத்துக்கறேன்னு சொன்னேன். நா மில்லுல இல்லாட்டி மில்லு நின்னு போயிருமுங்க. எவனுக்கும் ஒண்ணும் தெரியாது.

தாரணிக்கு மூஞ்சி செத்துப்போச்சு. ஏழாம் மாசக் கட்டுச்சோத்து விருந்துக்கு வந்திருந்த புள்ளை, வளையலெல்லாம் கைநெறையப் போட்டுட்டு எம்பக்கத்துல வந்து உக்காந்துச்சு. அப்பா, மில்லு உங்களைத் தேடிப் பெங்களூருக்கு வந்தா நீங்க ஒரு மாசம் தங்குவீங்களான்னு கேட்டுச்சு. தங்குவேன்னேன். சத்தியமான்னுச்சு. சத்தியம்னேன். மில்லு எப்புடி வரும்னு எனக்குத் தெரியாதுங்களே, அந்தத் தைரியத்துல சொன்னதுதான்.

அதுக்கு மொதல்லயே நம்ம மில்லுல கேமரா எல்லாம் உண்டுங்க. மாட்டுன ஆளு, போனுலயே பாக்கலாம்னு என்னமோ பண்ணிக் குடுத்திருந்தான். தாரணி அதை நோண்டிப் பாத்துட்டுத் தலையில கைவெச்சுக்கிச்சு. வாசக்கதவைத் தொறந்து போட்டு, சந்தைக்குப் போறவன் வர்றவனெல்லாம் எட்டிப் பாத்துட்டுப் போற மாதிரி வெச்சிருக்கறானாம் அந்த ஆளு. உலகத்துல எந்த மூலையில இருக்கறவனும் நம்ம களத்தைப் பாக்கலாமாம். நானு, பாத்தாப் பாக்கட்டும், பருப்பைத் தூக்கீட்டா போகப்போறான்னேன். இல்லீங்ப்பா, உள்ளார பூந்தான்னா உங்க கம்ப்யூட்டரையே பூட்டிப்போடுவான், அதுல உங்க யாவாரம் பூராவும் இருக்குதுன்னுச்சு. அப்பறந்தான், சரி கண்ணு, பண்ணுன்னேன்.

அடுத்த நாளே புள்ளை மில்லு ஆபீசுல வந்து உக்காந்துருச்சு. வவுத்தைத் தள்ளிக்கிட்டு, மேசைக்கு அடியில ஒயரு மாட்டிட்டிருக்குது. பொன்னாத்தா பாத்துட்டு என்னைத் திட்டறா, கட்டுச்சோத்துக்கு வந்த புள்ளையை எண்ணெய்க் கறையில உக்கார வெச்சுட்டீங்களேன்னு. நானா உக்கார வெச்சேன்? டிபன் டப்பா அளவுக்கு ஒரு பொட்டி கொண்டாந்திருந்துச்சு. அதுதான் சர்வராம். வி.பி.என். சர்வரு. அப்புடின்னா என்ன கண்ணுன்னு கேட்டேன். நாலு தடவை சொல்லிச்சு, ஒண்ணும் ஏறலை. அஞ்சாவது தடவைதான் எனக்குத் தெரிஞ்ச பாஷையில சொல்லிச்சு.

நம்ம பக்கத்துல கெணறு ஒரு பக்கம், காடு ஒரு பக்கம் இருந்தா என்ன பண்ணுவோமுங்க? நடுவுல இருக்கற ஊரான் காட்டு வழியா மண்ணுக்கடியில பைப்பு பதிச்சுக் கொண்டுபோவோம். எத்தனை பேரு காட்டைத் தாண்டிப் போனாலும் உள்ளார போறது நம்ம தண்ணி. நடுவுல எவனும் வாய் வெச்சுக் குடிக்க முடியாது, வாசம்கூடப் புடிக்க முடியாது. அந்தத் தலைக்குச் சாவி நம்ம கையில, இந்தத் தலைக்குச் சாவியும் நம்ம கையில. அதுதானுங்க வி.பி.என். பெங்களூருல உக்காந்து இதைத் தட்டுனா, நானு மில்லு ஆபீசுலயே உக்காந்திருக்கறதாக் கணக்கு. அட, இதை மொதல்லயே சொல்லியிருந்தா அப்பவே புரிஞ்சிருக்குமேன்னேன்.

அதுலயும் ஒரு வம்பு. நெட்டுக் கம்பெனிக்காரன் நமக்குக் குடுக்கற விலாசம் அடிக்கடி மாறுமாமுங்க. வீட்டுக் கதவிலக்கத்தைத் தெனமும் மாத்திட்டிருந்தா தபால்காரன் எங்க போயிக் குடுப்பான்? நா போனைப் போட்டு நல்லாக் கேட்டுப்போட்டேன். அப்பறம் மாறாத விலாசமா ஒண்ணு வாங்கிக் குடுத்தாங்க. அதுக்குத் தனியாக் காசு. குடுத்துத் தொலைச்சேன்.

எல்லாம் முடிச்சுட்டுப் புள்ளை ஒரே ஒரு கேள்விதான் கேட்டுச்சு. ஏனுங்ப்பா, இந்தப் பொட்டிக்குக் கரண்டு எப்பவும் இருக்குமான்னு. நா சிரிச்சுப்போட்டேன். நம்ம மில்லுல கரண்டு போனா ஜெனரேட்டரு தானா ஓடும், ராத்திரி பகல் ரெண்டு ஷிப்டு, இங்க கரண்டு இல்லாத நேரமே கெடையாது கண்ணுன்னு சொன்னேன். சரிங்ப்பான்னு பொட்டியை மூடிருச்சு.

கரண்டுன்னதும் ஞாபகம் வருதுங்க, நம்ம மில்லு ஒழுங்கைப் பத்தி உங்ககிட்டச் சொல்லோணும். எங்கப்பன் இருந்தப்ப ஒருக்கா, மில்லு லீவு உட்ட நாள்ல எலி ஒயரைக் கடிச்சு, பொறி பறந்து, புண்ணாக்கு மூட்டை பூராவும் எரிஞ்சு போச்சு. எண்ணெய் மில்லுல நெருப்புன்னா சும்மாங்களா? அதுல இருந்து நா ஒரு சட்டம் போட்டிருக்கறேன். மில்லு நின்னுச்சுன்னா மெயினை எறக்கியாகோணும். ஒரு பல்பு எரியக்கூடாது, ஒரு பேன் சுத்தக்கூடாது, ஆபீசுல இருக்கற பேட்டரிப் பொட்டி வரைக்கும் அமத்திப்போட்டுத்தான் பூட்டோணும். எவனாச்சும் மறந்தான், அன்னைக்கே சீட்டைக் கிழிச்சுப்போடுவேன். இன்னைக்கு வரைக்கும் என்ற மில்லுல ஒருத்தன் அந்தச் சட்டத்தை மீறுனதில்லை. அப்புடி வெச்சிருக்கறனுங்க.

ஓசூர் தாண்டிட்டமுங்களா? நல்லா வெரசாத்தான் ஓட்டறான்.

அப்பறம் நாள் நெருங்குச்சு, நானும் பொன்னாத்தாளும் கெளம்பிப் போயிட்டோம். பத்தாவது மாடியில வீடுங்க. கீழ பாத்தாத் தலை சுத்துது, பக்கத்து வீட்டுக்காரன் பேரு தெரியாது. நம்மூரு ஆபீசுல காத்தால போனதும் நாள்காட்டித் தாளைக் கிழிச்சுப்போட்டுத்தான் நா உக்காருவேன். அங்க நாள்காட்டியே இல்லைங்க, எல்லாம் போனுக்குள்ள. என்ன கெழமை, என்ன நாளுன்னு ஒரு எழவும் தெரியாது. ஆனா இந்த லேப்டாப்பைத் தொறந்தேன்னு வெய்யுங்க, மில்லு கண்ணு முன்னால நிக்கும். மொத நாளு பாத்தப்ப எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. பொன்னாத்தா, பேத்தியைப் பாக்கறப்ப வர்ற தண்ணியைக் கொஞ்சம் மிச்சம் வெய்யுங்கன்னா.

அதுல இருந்து பொழுதன்னிக்கும் இதேதான் சோலி. ஆளில்லாத ரூமுல பேனு சுத்துதுன்னு பாத்தேன்னா ஒடனே சென்னியப்பனுக்குப் போன். களத்துல பருப்பைத் திருப்பிப் போடலைன்னாப் போன். பொம்பளையாளுங்க ரெண்டாவது டீ குடிச்சாப் போன். சென்னியப்பன் தங்கமானவன், எல்லாத்துக்கும் சரிங்க சரிங்கம்பான். டீ குடிக்கற எடத்துக் கேமராவுல மட்டும் அடிக்கடி ஒரு துண்டு தொங்குமுங்க, ஒண்ணும் தெரியாது. கேட்டா, காயப்போட்டிருந்தமுங்கம்பான். அந்த எடத்துல வெயிலு நல்லா உழுகுமாட்ட இருக்குது. போன வாரம் மாப்பிள்ளை கட்டாயப்படுத்தி என்னை ரெண்டு நாளு ஊரு சுத்திக் காட்டக் கூட்டிட்டுப் போயிட்டாரு. அந்த ரெண்டு நாளும் லைனே தொறக்கலை. அந்த ரெண்டு நாள்லதான் மத்த நாளைக்காட்டியும் எச்சா எண்ணெய் ஆட்டியிருக்கறாங்க. எங்கிருந்தாச்சும் பாத்துட்டிருப்பானோங்கற பயந்தான், வேற என்ன?

பேத்தி பொறந்ததைச் சொல்றேன் கேளுங்க. ஆஸ்பத்திரியில வெளிய உக்காந்திருக்கறோம். எல்லாரும் கதவையே பாத்துட்டிருக்கறாங்க. நா மடியில இதை வெச்சிருக்கறேன். அந்த நேரம் பாத்து நம்ம களத்துல ரெண்டு ஆடு பூந்துருச்சுங்க. பருப்பு மேல ஏறி நின்னுட்டு நொறுக்குது. சென்னியப்பனுக்குப் போன் போட்டு, கெழக்கால ஆடு, கெழக்கால ஆடுன்னு நா கத்தறேன். நர்ஸம்மா கொழந்தையைத் துணியில சுத்தி எடுத்துட்டு வந்து, தாத்தா யாருன்னு கேக்கறாங்க. நா கையைக் காட்டி இருங்கம்மான்னேன். ஆட்டைத் தொரத்தி முடிக்கறதுக்குள்ள சம்பந்தி வாங்கிட்டாரு கொழந்தையை. அவருக்கு வேற சோலி இல்லை, ரிட்டயரான மனுசன். ஆனா ஒண்ணு சொல்றனுங்க, அன்னைக்கு நா பாக்கலீன்னா ஒரு மூட்டைப் பருப்பு போயிருக்கும்.

மொதல்ல இதுக்கு நா வெச்சிருந்த பாஸ்வேர்டு நம்ம லாரி நம்பருங்க. பேத்தி பொறந்த பொறகு தாரணி, அது ஊருக்கே தெரியுமுங்ப்பா, மாத்திரலாம்னுச்சு. கொழந்தையை மடியில போட்டுட்டே, இன்னொரு கையில இதைத் தட்டி மாத்துச்சு. ஒருக்கா வாயில சொல்லிக் காட்டுச்சு, எழுத்து எழுத்தாத் தட்டவும் வெச்சுச்சு. நல்லாருக்குதுங்ளாப்பா, நானும் அவரும் ரொம்ப நாளாத் தேடுனோம்னுச்சு. எழுத்து எச்சா இருக்குது கண்ணு, ஒத்த வெரல்ல தட்டறவனுக்குச் சின்னதா வெச்சா ஆகாதான்னேன். இல்லீங்ப்பா, இனி இதை மாத்தமாட்டோம்னுச்சு. எவனுக்கும் தெரியாதேன்னேன். இப்போதைக்கு நம்ம நாலு பேருக்குத்தான் தெரியும்னுச்சு. பாஸ்வேர்டு என்னத்துக்கு நாலு பேருக்குத் தெரியோணும், அம்மாளுக்கெல்லாம் ஏன் சொல்றேன்னு ஒரு அதட்டுப் போட்டேன். புள்ளை கொழந்தையைத் தூக்கிட்டு உள்ளார போயிருச்சு. அது என்ன பாஸ்வேர்டுன்னு நீங்க கேட்டாலும் சொல்லமாட்டனுங்க, கோவிச்சுக்காதீங்க. பெத்த தாய் வந்து கேட்டாலும் சொல்லமாட்டேன்.

நாளன்னைக்குப் பேரு வெக்கற விசேசமுங்க. மண்டபம் புடிச்சாச்சு, சம்பந்தி வகையறா கோயமுத்தூருல இருந்து ஒரு பஸ்ஸே போட்டு வாராங்க. காதுல பேரு சொல்றது நீங்கதானுங்ப்பான்னு தாரணி பத்து நாளாச் சொல்லிட்டிருக்குது. சரி சரின்னேன். இன்னைக்குக் காத்தால நா சட்டையை மாட்டறேன், புள்ளை கதவுகிட்ட வந்து நிக்குது. லைனு அந்துபோச்சு கண்ணு, போனா எப்ப வருவேன்னு தெரியாது, நா வரலீன்னா சம்பந்தியே சொல்லட்டும்னேன்.

"நீங்க சொன்னாத்தானுங்ப்பா நல்லாருக்கும். அந்தப் பேரு உங்களுக்குத்தான் பழக்கம்."

அவ்வளவுதான் சொல்லிச்சு. என்ன பழக்கம்? எனக்குப் பேரே தெரியாதுங்க. என்ன பேருன்னு இப்ப நீங்க கேட்டாச் சொல்லத் தெரியாது. அவிய பேசிட்டிருந்தாங்க, நாலஞ்சு பேரு எழுதி வெச்சுட்டு இதா அதான்னு. அப்ப நா லாரி லோடு ஏத்தறதைப் பாத்துட்டிருந்தேன். வெச்சா வெக்கற அன்னைக்குத் தெரிஞ்சுட்டுப் போகுது.

பொன்னாத்தாளுக்காச்சும் ஒரு பதட்டம் இருக்கோணுமல்லங்க? மில்லையே காணோம்னு நா தவிக்கறேன், அவ தலைக்குத் தண்ணி வாத்துட்டு, பால்கனியில சோத்தை வெச்சுட்டு, கா கான்னு காக்காயைக் கூப்பிட்டுட்டு நிக்கறா. பத்தாவது மாடிக்கு எந்தக் காக்கா வரும்? இருந்து சாப்பிட்டுப் போட்டுப் போங்க, இன்னைக்கு என்ன நாளுன்னு தெரியுமான்னு கேக்கறா. என்ன நாளா இருந்தா என்ன, மில்லு போச்சுடின்னு கத்திப்போட்டு எறங்கி வந்துட்டேன். கொழந்தை தொட்டில்ல இருந்துட்டு என்னையே பாத்துச்சு. அதுக்கு என்ன தெரியும், பாவம்.

வண்டி நிக்குதுங்களே. தருமபுரி வந்துருச்சா? டீக்கு உடறான். நீங்க இருங்க, எறங்க வேண்டாம், உங்களுக்கும் நானே வாங்கிட்டு வாரேன். இதை மட்டும் சித்தப் புடிச்சுக்கங்க. மடியிலயே வெச்சுக்கங்க, கீழ வெக்காதீங்க.

இந்தாங்க, டீ. கூட்டமுங்க, அடிச்சுப் புடிச்சு வாங்கிட்டு வாரேன். முட்டை பப்ஸும் ரெண்டு வாங்கினேன், சூடா இருக்குது. நா பசி தாங்காம வர்றப்பவே பாதி தின்னுபோட்டேன். இந்தாங்க, புடிங்க. ஏன், வேண்டாங்களா? கூச்சப்படாதீங்க, டீயைக் குடிச்சீங்கல்ல, இதையும் சாப்பிடுங்க. என்னங்க? கவுச்சி இன்னைக்குத் தொடமாட்டீங்களா? எதுக்கு?

என்னன்னு சொன்னீங்க?

இன்னைக்குங்களா?

இருங்க. இருங்க. அமாவாசையா இன்னைக்கு?

அடக் கெரகமே, நா பாதி தின்னுபோட்டனே. கருத்துத் தெரிஞ்ச நாள்ல இருந்து அமாவாசைக்கு முட்டை தொட்டதில்லைங்க நானு. இதைக் கீழ போடறதா, என்ன பண்றது? பிடியுங்க, வேண்டாம், உங்ககிட்ட எதுக்கு, நானே வெளிய போட்டர்றேன்.

அமாவாசை.

அமாவாசைக்கு நம்ம மில்லு லீவுங்க. ஞாயித்துக்கெழமை லீவு கெடையாது, பொங்கலுக்கு ஒரு நாளு, அப்பறம் மாசம் ஒரு அமாவாசை. எங்கப்பன் காலத்து வழக்கம். மொத நாளு ராத்திரி ஷிப்டு முடிஞ்சதும் செக்கை நிறுத்தி, கழுவி, பூட்டிப்போட்டு எல்லாரும் ஊருக்குப் போயிருவாங்க. மில்லு நின்னா மெயினு எறக்கோணும். ஒரு பல்பு எரியக்கூடாது. பேட்டரிப் பொட்டி வரைக்கும் அமத்தோணும். தாரணி மாட்டிட்டுப் போன அந்தப் பொட்டியும் கரண்டுலதானுங்களே ஓடுது. சென்னியப்பன் என்ற சொல்லை ஒரு நாளும் தட்டமாட்டானுங்க.

சிரிக்கறீங்க. சிரிங்க. எனக்குந்தான் சிரிப்பு வருது, ஆனா வெளிய வரமாட்டீங்குது.

இல்லை, நா ஒண்ணு கேக்கறேன். இத்தனை பேரு இருக்கறாங்க, ஒருத்தராச்சும் சொல்லியிருக்கோணுமல்லங்க, இன்னைக்கு அமாவாசைன்னு? காக்காய்க்குச் சோறு வெச்சாளா? வெச்சா. அதை நா எப்புடிங்க நெனைக்கறது, அவ பாட்டுக்கு என்னமோ பண்றான்னுதான் நெனைச்சேன். என்ன நாளுன்னு தெரியுமான்னு கேட்டா, அது வாஸ்தவம். வாயைத் தொறந்து அமாவாசைன்னு சொல்றதுக்கென்ன? சென்னியப்பன் போனை அமத்தியிருக்கறானே, அவனுக்கு என்ன கேடு? மாசத்துல ஒரு நாளு லீவு, அன்னைக்குப் போயிப் போனை அமத்திட்டுத் தூங்கறான் பாருங்க.

ஊட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிர்றேன். அமாவாசைன்னு தெரியாம ஓடியாந்தேன்னு சொல்லமாட்டேன், மானம் போயிரும். லைனு தானாச் சரியாயிருச்சு, திரும்பி வாரேன்னு சொல்லிப்போடறேன். சரிதானுங்களே?

அலோ. நாந்தான். தருமபுரி. ஆமா, லைனு வந்துருச்சு, எல்லாம் சரியாயிப்போச்சு. இல்லை, மில்லுல ஒண்ணும் இல்லை. திரும்பி வாரேன்னு சொல்றேன். அட, வாரேன்னா வாரேன். என்ன? யாரு சொன்னா? சரி. சரி உடு. தாரணி என்ன பண்ணுது? ம். ம். அழ வேண்டாம்னு சொல்லு. சரி, பேரு என்னன்னு சொல்லு, பஸ்ஸுலயே பழகிட்டு வாரேன். பேருன்னா பேருதான், கொழந்தைக்கு வெக்கற பேரு. என்ன? இன்னொருக்காச் சொல்லு.

ம்.

வெச்சுட்டாளுங்க.

பொன்னாத்தாளுக்கு எல்லாமே தெரியுமுங்க. மெயினு எறக்குனதும் தெரியும், நா எதுக்குத் திரும்பறேன்னும் தெரியும். அமாவாசைன்னு நேத்து நாலு தடவை சொன்னாளாம், நா இந்த லேப்டாப்பைப் பாத்துட்டு உம் உம்முன்னு சொன்னனாம். சொல்லியிருப்பேன். பேரைக் கேட்டேனுங்களா, அதுக்கு அவ என்ன சொல்றா தெரியுமுங்களா?

"தெனமும் எந்திரிச்சதும் ஒத்த வெரல்ல தட்டறீங்களே, அதுதானுங்க உங்க பேத்தி பேரு."

அந்தப் புள்ளை மடியில கொழந்தையைப் போட்டுட்டு, நல்லாருக்குதுங்ளாப்பான்னு கேட்டுச்சு. எழுத்து எச்சா இருக்குதுன்னு சொன்னவன் நானு. எத்தனை நாளாத் தட்டியிருப்பேன். மில்லு தெரியலை தெரியலைன்னு பேத்தி பேரைத் தப்புத் தப்பாத் தட்டிட்டு, கருமம் புடிச்ச பாஸ்வேர்டுன்னு வாயிக்கு வந்தபடி வஞ்சிருக்கறேன், கொழந்தையைப் பக்கத்துலயே தொட்டில்ல போட்டுட்டு. அது இந்தப் பேச்சையெல்லாம் கேட்டுட்டுத்தான படுத்திருந்திருக்கும்.

சித்த இருங்க, துண்டை எடுத்துக்கறேன்.

ஆனா ஒண்ணுங்க. புள்ளைக்கு இத்தனை படிப்பு இருக்குது, ஒரு ரோசனை இல்லை பாருங்க. நாளன்னைக்கு மண்டபம் நெறைய ஆளு. சம்பந்தி வகையறா ஒரு பஸ்ஸு. அதுல அவரு தம்பி ஒருத்தன் பொள்ளாச்சியில எண்ணெய் மில்லே வெச்சிருக்கறான். அத்தனை பேருக்கு நடுவுல நா கொழந்தை காதுல சொல்றது, அப்பறம் மைக்குல வேற சொல்லுவாங்க, கேக்கு மேல வேற எழுதுவாங்க. ஊரைக் கூட்டி நாமளே சொல்லிப்போட்டா அப்பறம் அது என்ன பாஸ்வேர்டுங்க? இதைப் போயித் தாரணிகிட்டக் கேக்காம உடமாட்டேன். கேக்கறேன், விசேசம் முடியட்டும்.

கண்டக்டரு தம்பி, சேலத்துல நிறுத்துவீங்கல்ல? புதுப் பஸ்ஸ்டாண்டுக்குள்ள போகுமா, வெளியவா? எனக்கு அங்க எறங்கோணும். பெருந்துறை வரைக்கும் டிக்கெட்டு எடுத்திருக்கறேன், மிச்சமெல்லாம் வேண்டாம், எறக்கி உட்டாப் போதும். ஏனுங்க, சேலத்துல வெள்ளிக் கொலுசு நல்லாருக்குமல்லங்க? சின்னதா, முத்து வெச்சது. கொழந்தைக் காலுக்கு அளவு எப்புடிச் சொல்றது? நா காலைப் பாத்ததே இல்லைங்களே. இருக்கறதுலயே சின்னதாக் கேக்கறேன், கடைக்காரனுக்குத் தெரியாமயா போகும். கொலுசு வாங்கத்தான் வந்தேன்னு சொல்லிருவேன். பொன்னாத்தா நம்பமாட்டா. தாரணி நம்புன மாதிரி இருந்துக்கும், அது அப்புடித்தான், நல்ல புள்ளை.

சேலம் வர்றதுக்குள்ள ஒரு ஒதவி பண்ணுங்க. வெரல்லதான் பழக்கம், வாயில சொல்லிப் பழகலை. சபையில திக்கிப் போச்சுன்னா அசிங்கமுங்க. இங்கிட்டுத் திரும்புங்க, காதைக் காட்டுங்க. இன்னும் சித்தக் கிட்ட வாங்க, பின்னால சீட்டுக்காரன் கேட்டுட்டிருக்கறான்.

நிறைமதி. நிறைமதி. நிறைமதி.

சரியா வந்துச்சுங்களா? நல்லாருக்குதல்லங்க பேரு? சொல்றப்பவே வாய் நெறையுது. யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க. கடைசியில ஒரு ஒண்ணாம் நம்பரு இருக்குதுங்க, அதை மட்டும் கொழந்தைகிட்டச் சொல்லமாட்டேன்.